தேதி போடாத கையெழுத்து

கண்ணு,

மூன்று மாதமாக நீ கேட்டுக்கொண்டிருந்த கையெழுத்தைப் போட்டுவிட்டேன். சிப் அச்சடிக்கும் வெளிநாட்டு ஃபேக்டரிக்குப் போக வேண்டிய படிவத்தின் கடைசிப் பக்கத்தில், இரண்டாவது டைரக்டர் என்று இருக்கும் இடத்துக்கு நேராக, என் முழுப் பெயரோடு நீலப் பேனாவில் இருக்கிறது. படிவம் எங்கே என்று இந்தக் கவருக்குள் தேடாதே. அது இருக்கும் இடத்தைக் கடைசியில் சொல்கிறேன். இது நம் கம்பெனியில் நான் போடும் கடைசிக் கையெழுத்து. அடுத்த மாதத்திலிருந்து தொண்டாமுத்தூர் தோப்பில் உங்கப்பாவுக்குத் துணையாக, யானை வந்ததா வரவில்லையா என்று காலையில் எழுந்து கால் தடம் பார்க்கிற உத்தியோகத்துக்குப் போகிறேன். அதனால் இது கொஞ்சம் நீளமான கடிதமாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் உன்னிடம் பேசியதெல்லாம் ஆர்டர், டெலிவரி, சாப்பிட்டாயா என்ற மூன்று விஷயம்தான். அதற்கு வெளியே ஒன்று பாக்கி இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் உனக்கு மட்டும் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை இதன் நகல் ஒன்று நம் சாப்பாட்டு அறையின் நோட்டீஸ் போர்டில் இருக்கும். கோபம் வந்து கிழித்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை, இன்னொரு நகல் உங்கப்பாவிடம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சில சங்கதிகளையும் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் செய்வது கம்ப்யூட்டர். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் உங்கப்பா இன்றைக்கும் "அவிய பொட்டி செய்யறாங்க" என்றுதான் சொல்வார். அதிலும் தப்பில்லை. நூற்பாலையில் ஒவ்வொரு ஸ்பின்னிங் மெஷினின் முனையிலும் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். எங்கே நூல் அறுந்தது, மெஷின் எவ்வளவு நேரம் நின்றது, இந்த ஷிஃப்டில் எவ்வளவு ஓடியது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஏசி அறைக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் சொகுசு எதுவும் அதற்குக் கிடையாது. பஞ்சு பறக்கும், தரை அதிரும், கரண்ட் வரும் போகும். முதல் பெட்டியை சூலூர் மில்லில் வைத்துப் பார்த்த அன்று, மெஷின் ஓட்டும் பெண்கள் அதன் மூலையில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருந்தார்கள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்குப் பை மாட்ட வேறு இடமே இல்லை. அடுத்த பெட்டியில் பக்கவாட்டில் ஒரு கொக்கி வைத்தேன். அந்தக் கொக்கிக்காகத்தான் அந்த மில்லில் நமக்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நீ டிசைன் போட்ட புதுப் பெட்டியிலும் கொக்கி இருக்கிறது, பார்த்தேன். உன்னிடம் நான் சொல்லவில்லை, ஆனால் பார்த்தேன்.

பெட்டி நம்முடையது, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை நம்முடையது, அதில் ஓடும் சாஃப்ட்வேர் நம்முடையது. மூளை மட்டும் வாங்கிப் போட்டது. அந்த சிப்பைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கடிதம் வரும்: இந்த சிப்பை இனிமேல் செய்யப் போவதில்லை, வேண்டுமானால் கடைசியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று. உடனே நாம் பலகையை மாற்றி, சாஃப்ட்வேரை மாற்றி, மில் மில்லாகப் போய் விளக்கம் சொல்லி, மூச்சு விடுவதற்குள் அடுத்த கடிதம் வந்துவிடும். நீ பெங்களூரில் ஆறு வருஷம் சிப் டிசைன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த முதல் வாரமே, ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய், ஞாபகமிருக்கிறதா? ரசச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாய்.

"தொட்டுப் பாருங்கம்மா, எப்படிச் சுடுதுன்னு. இந்தச் சிப்புல பாதிக்கு மேல நமக்கு வேண்டாத வேலைங்க. வீடியோ ஓட்டறதுக்கு, பாட்டுப் போடறதுக்கு. மில்லுக்குள்ள ஆருங்க வீடியோ பாக்கறாங்க? அது சுடுதுன்னு ஒரு ஃபேன் வெக்கறோம். ஃபேன் பஞ்ச உள்ள இழுக்குது. பஞ்சு போய் ஃபேன நிறுத்துது. நமக்கு வேண்டிய சிப்ப நாமளே டிசைன் பண்ணிட்டா, ஃபேனே வேண்டாம்ங்க. ஆரும் நமக்கு லெட்டரும் போட முடியாது."

"நாம பொட்டி செய்யறவங்க கண்ணு. சிப்பு செய்யறதுக்கு வேற ஆளுக இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன். நீ விடவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விடப்பட்ட ஓர் அடிப்படை சிப் அமைப்பை எடுத்துக்கொண்டாய். மாடியில் பழைய சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து நான்கு பேரை உட்கார வைத்தாய். இரண்டரை வருஷம் உழைத்தீர்கள். இப்போது அந்த சிப்பின் வரைபடம் முழுசாகக் கையில் இருக்கிறது. கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிற கம்பெனி, தன் கம்ப்யூட்டருக்குத் தானே மூளை வரைந்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் முதல் தப்பு. பெரிய தப்பு இனிமேல்தான் வருகிறது.

மூன்று மாதமாக நான் சொன்ன சாக்குகளை நீயே மனப்பாடமாகச் சொல்வாய். பஞ்சு விலை ஏறிக் கிடக்கிறது, மில்காரர்கள் புதுசுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆடி முடியட்டும், ஆவணி பிறக்கட்டும். உண்மையான காரணம் வேறு. வாங்கிப் போட்ட சிப்பில் கோளாறு வந்தால் கைகாட்ட ஓர் ஆள் இருக்கும். சிப்காரன் தப்பு, சப்ளை செய்தவன் தப்பு, சால்டர் வைத்தவன் தப்பு என்று யார் தலையிலாவது கட்டிவிடலாம். சொந்த சிப் என்று வந்துவிட்டால் கை நீள்வதற்கு இடமே இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது. ஏனென்றால் நான் ஒரு தடவை அப்படிக் கை நீட்டியவள். அது யாரை நோக்கி என்பது இங்கே இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நீ அப்போது எட்டாவது படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாய். நம்மிடம் யூசுப் பாய் வேலை பார்த்தார். கோட்டைமேட்டுக்காரர். பலகையில் சிப்களை அடுக்கி, ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கும் சால்டர் அடுப்புக்குள் விட்டு எடுக்கும் வேலை முழுவதும் அவர் பொறுப்பு. அந்த வருஷம் முதல் தடவையாக நமக்கு அந்தக் கடிதம் வந்தது: சிப்பை நிறுத்தப் போகிறோம். நான் பதறிப் போய், எவ்வளவு வாங்க முடியுமோ அவ்வளவையும் வாங்கினேன். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே வெள்ளி நிறத்தில் ஒட்டி மூடிய பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிப் அடுக்கிய தட்டு, ஈரம் உறிஞ்சும் குருணை ஒரு பை, நீல வட்டம் போட்ட சின்ன அட்டை ஒன்று.

பூஜையன்று ஷெட்டைக் கழுவி, மாவிலை கட்டி, ஸ்க்ரூ டிரைவர் முதல் சால்டர் அடுப்பு வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் தயார். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இனிவரும் வருஷங்களுக்கு நம் கம்பெனியின் உயிரே அந்த சிப்களில் இருக்கிறது. அவற்றை அட்டைப்பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, ஸ்பானருக்குப் பொட்டு வைப்பதா? கத்தரிக்கோலை எடுத்துப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். யூசுப் பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், இதப் பிரிக்காமயே வெச்சறலாங்க. பொட்டலத்து மேல என்னமோ எழுதியிருக்குதுங்க."

"சாமிக்கு முன்னாடி பொட்டலத்தயா வெக்கறதுங்க பாய்?" என்றேன். அவர் நகர்ந்துவிட்டார். தட்டுகளைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்பி, ஓரத்தில் சந்தனம் வைத்தேன். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று மறுநாள் விஜயதசமி முடியும்வரை விட்டோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளும் மழை கொட்டித் தீர்த்தது. ஷெட்டின் சுவரெல்லாம் ஓதமாக இருந்தது. திங்கட்கிழமை தட்டுகளை எடுத்துப் பழைய பொட்டலத்திலேயே போட்டு டேப் ஒட்டினேன். நீல அட்டைகள் ரோஸ் நிறமாகியிருந்தன. குங்குமம் பட்டுவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். நீ சிரிக்கலாம். இன்றைக்கு உன் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும், ஈரம் ஏறினால் நிறம் மாறுவதற்காகத்தான் அந்த அட்டை என்று. நான் கம்பிக் காலுள்ள பழைய பெரிய சிப்களையே பார்த்துப் பழகியவள். அவற்றைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

தை மாதம் அந்த சிப்களை அடுப்பில் விட்டபோது, உள்ளே பொரி பொரிவது போல ஒரு சத்தம் கேட்டது. உள்ளே ஏறியிருந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, சிப்பை உள்ளுக்குள்ளேயே கீறிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. சோதனையில் பெரும்பாலும் தேறிவிட்டன. மில்லில் போய் உட்கார்ந்து இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்தன. சூலூர் மில்லில் ஒரு வரிசை முழுவதும் இருட்டாகி, அவர்கள் ஷிஃப்ட் கணக்கைக் கையால் எழுதத் தொடங்கியபோது, மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். போவதற்கு முதல் நாள் மத்தியானம் அட்டைப்பெட்டியின் அடியில் பிரிக்காத பொட்டலம் ஒன்று கிடைத்தது. பூஜையன்று என் கண்ணில் படாமல் தப்பியது. அதிலிருந்த சிப்களைப் பலகையில் வைத்து அடுப்பில் விட்டோம். ஒரு சத்தமும் இல்லை. பொட்டலத்தின் மேல் இருந்ததை அன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. ஆகவே மறுநாள் நான் சொன்னது தெரியாமல் சொன்னது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

மில் ஆபீஸில் பத்துப் பேர் இருந்தார்கள். "என்னதாங்க ஆச்சு?" என்று மேனேஜர் கேட்டார். கரண்ட் பிரச்சினை என்று சொல்லிப் பூசி மெழுக முடியாது, கரண்ட்டை அவர்களே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு எடுத்து வைத்தேன், கெட்டுப் போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு பொம்பளை கம்ப்யூட்டர் செய்கிறாளாம் என்று ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த காலம். இது வேறா என்று சிரிப்பார்களே என்று இருந்தது. "அடுப்பு பாக்கறவரு சூட்ட எச்சா வெச்சுட்டாருங்க. இனிமே நடக்காதுங்க" என்றேன். யூசுப் பாய் என் பின்னால் கதவோரம் கருவிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பத்துப் பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து பையின் வாரை இழுத்துக் கட்டினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அடுத்த மூன்று மாதம் அவர் கெட்டுப்போன பலகைகளை ஒவ்வொன்றாகச் சரி செய்து முடித்தார். கடைசிப் பெட்டி போன மறுநாள் வந்து, "கண்ணு செரியாத் தெரிய மாட்டேங்குதுங்க மேடம். நான் நின்னுக்கறேனுங்க" என்றார். உனக்கும் அதையே சொன்னேன். யூசுப் பாய்க்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, அதனால் நின்றுவிட்டார். முழுப் பரீட்சை லீவுக்கு வந்தபோது நீ நம்பினாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ சபிராவின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினாய். "நான் வெச்ச டெஸ்ட்டுல என் தப்பையே கண்டுபுடிச்சுட்டாங்கம்மா" என்று குதித்தாய். நான் அப்பா பெயர் யூசுப் என்று இருந்த வரியைப் பார்த்தேன். கோட்டைமேட்டு முகவரியைப் பார்த்தேன். "எடுத்துக்க கண்ணு" என்றேன். பெரிய மனசு பண்ணிச் சொன்னதாக நினைத்துவிடாதே. வேண்டாம் என்றால் ஏன் என்று நீ கேட்பாயே, அந்தப் பயம். அவள் உன் சிப்பைச் சோதிக்கும் பொறுப்புக்கு வந்தாள். தினமும் "குட் மார்னிங் மேடம்" என்பாள். நான் தினமும் அவள் முகத்தைப் பார்ப்பேன், இவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று நடந்ததை நம் ஆபீஸில் எல்லாரும் கேட்டாயிற்று, அதனால் எழுதுவதில் ஒளிவு மறைவு இல்லை. சிப் இன்னும் அச்சாகவில்லை என்பதால் அதன் வரைபடத்தை ஒரு பரிசோதனைப் பலகையில் ஏற்றி ஓட்டிப் பார்க்கிறீர்கள். மில்லில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியில் சிப் தூங்கி விழிக்க வேண்டும், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். சில நூறு தடவைக்கு ஒரு தடவை, விழித்ததும் பழைய எண்ணிக்கையைச் சொல்கிறது. சபிரா அதைப் பிடித்தாள். ஏன் என்று தெரியும்வரை விடக்கூடாது என்கிறாள். சாஃப்ட்வேரில் சரிக்கட்டிவிடலாம் என்கிறாய் நீ. அந்த ஃபேக்டரி உலகத்தில் இருக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளின் டிசைன்களை ஒன்றாகச் சேர்த்துக் குறிப்பிட்ட தேதியில் அச்சடிக்கிறது. அந்தத் தேதிக்கு இன்னும் இருபது நாள். விட்டால் அடுத்தது நான்கு மாதம் கழித்து. உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை.

சூலூர் மில்லின் இப்போதைய மேனேஜர் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டாய். புதுப் பெட்டி எப்போது வரும் என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "நம்ம பக்கம் எல்லாம் ரெடிங்க. டெஸ்ட் பண்ற பொண்ணு ஒண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம்ங்க, அதுதான் இழுத்துட்டு இருக்குது" என்றாய். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பேனாவுக்கு மூடி போட்டாள், நோட்டை மூடினாள், இரண்டையும் நேராக அடுக்கி வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. அன்று மில் ஆபீஸில் யூசுப் பாயின் பை வார் இறுகிய சத்தம் எனக்கு மறுபடியும் கேட்டது.

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்ட எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் உங்கப்பாவைக் கூட்டிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனேன். வழியில்தான் அவருக்கே முழுசும் சொன்னேன். வண்டியை ஒரு சிக்னலில் நிறுத்திவிட்டு, "போய்ச் சொல்லிப்போட்டு வா அம்மணி. நான் வண்டியில இருக்கறேன்" என்றார். யூசுப் பாய் வீட்டின் முன்பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. கண் சரியில்லை என்று நின்றவர், கண்ணாடிகூடப் போடாமல், முடி கனத்துக்கு ஒரு கம்பியைச் சால்டர் செய்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்று எழுந்தார். உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பாய், அன்னைக்குத் தப்பு உங்களுது இல்லீங்க. அடுப்புச் சூடு செரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் பொட்டலத்தப் பிரிச்சு எல்லாத்தையும் கெடுத்துப்போட்டேன். தெரிஞ்சே உங்க தலையில போட்டுட்டேன்."

அவர் சால்டர் கம்பியை அதன் தாங்கியில் வைத்தார். சுவிட்சை அணைத்தார். "தெரியுங்க மேடம்" என்றார்.

"தெரியுங்களா?"

"அட்டை ரோஸ் ஆனதப் பாத்தேனுங்க. அடுப்புக்குள்ள பொரியற சத்தம் கேட்டப்பவே வெளங்கீருச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க சொல்லாம இருந்தீங்க? மில்லுல அத்தன பேரு முன்னாடி நான் சொல்றப்ப, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பூசையில வெச்சதுனாலதான் கெட்டுப்போச்சுன்னு நான் எந்த வாயில சொல்றதுங்க மேடம்? அதும் இந்த ஊர்ல, நான்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: பாவம், அவருக்குக் காரணம் தெரியாது. அவருக்குக் காரணம் என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. எந்தக் காரணத்தைச் சொன்னால் அவர் தப்பிப்பாரோ, அந்தக் காரணத்தை அவர் வாயால் சொல்லவே முடியாது என்பது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. எனக்கு நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் பயம். மதக் கலவரம் பார்த்த இந்த ஊரில் அவருக்கு இருந்த பயத்தை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அழுதுவிட்டேன் கண்ணு. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளியே உங்கப்பா வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பாய் தானே போய்க் கூட்டிவந்தார். இரண்டு பேரும் தோப்பு மோட்டாரின் காயில் கம்பி ஏன் அடிக்கடி கருகுகிறது என்று அரை மணி நேரம் பேசினார்கள். நான் வந்த காரியம் அவர்களுக்கு மறந்தே போய்விட்டது போல இருந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "வெள்ளிக்கெழம புள்ள ஊட்டுக்கு வந்து சாப்பிடலீங்க. என்னன்னு கேட்டா வேலைன்னு சொல்லுது. பழைய கதை எதும் அதுக்குத் தெரியாதுங்க, நான் சொன்னதில்ல. எம் பேச்சுக்கு அன்னைக்கு அங்க எடமில்லாமப் போச்சு. புள்ள பேச்சுக்கு எடமிருக்குதான்னு மட்டும் பாத்துக்குங்க மேடம்." நடந்ததை எழுதிப் போர்டில் ஒட்டட்டுமா என்று நான் கேட்டதற்கு, "புள்ளைக்கு மொதல்ல நானே சொல்லிப்போடறேனுங்க. அப்பறம் உங்க இஷ்டம்ங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அன்றைக்கே அந்தப் பழைய மேனேஜரின் நம்பரை வாங்கிப் பேசினேன். ரிட்டையர் ஆகிப் பேரன் பேத்தியோடு இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்பச் சொல்லி என்னங்க ஆகப்போவுது?" என்றார். "ஆகுதுங்க" என்றேன். பத்துப் பேர் முன்னால் சொன்னதை அந்தப் பத்துப் பேர் முன்னால் திரும்ப எடுக்க முடியாது, அவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் நோட்டீஸ் போர்டு.

நீ ஏழாவது படிக்கும்போது மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு, புகை வந்ததும் "கரண்ட்டு எச்சாயிருச்சும்மா" என்று சொன்னாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன், பையன் கெட்டிக்காரன் என்று. அந்தச் சாமர்த்தியத்தை உனக்குக் கொடுத்தது நான்தான். அதனால் வெள்ளிக்கிழமைக்காக உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பார். பெட்டி பழைய எண்ணிக்கையைச் சொன்னால் அந்த மில்லில் என்ன நடக்கும்? ஷிஃப்ட் முடியும்போது கணக்குக் குறையும். மேஸ்திரி மெஷினைத் திட்ட மாட்டார். கொக்கியில் சாப்பாட்டுப் பையை மாட்டியிருக்கிற பெண்ணைத் திட்டுவார். நான் மெஷினை நிறுத்தவே இல்லை என்று அவள் சொன்னால், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்பார். அவள் என்ன பதில் சொல்வாள்? சபிரா பயந்த சுபாவம் என்றாயே, அவள் பயப்படுவது அந்தப் பெண்ணுக்காக.

உன் சிப் நன்றாக வரும். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாகப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தேறுவது எது, தேறாதது எது என்று எனக்குத் தெரியும். ஃபேன் இல்லாமல், பஞ்சை உள்ளே இழுக்காமல், கடிதம் போட்டு நிறுத்த ஆள் இல்லாமல் அது ஓடும். இந்தத் தேதி தவறினால் நான்கு மாதம் போகும், அவ்வளவுதான். சூலூரில் பஸ்ஸை விட்டால் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதில்லையா நாம்? இருபது நாளில் அவளே காரணத்தைக் கண்டுபிடித்துவிடவும் கூடும். மில்லுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதுதான் டைரக்டராக எனக்கு மிச்சமிருக்கும் கடைசி வேலை. உன் தப்புகளை நீயே ஏற்றுக்கொள்ளத் துணிந்துதான் சொந்தமாக சிப் போடுகிறாய். அப்படியானால் அந்தத் தப்பை முன்கூட்டிப் பிடித்துக் கொடுப்பவள்தான் உன் கம்பெனியில் முக்கியமான ஆள். அவளிடம் நீ என்ன பேச வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. எங்கே பேச வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஸ்பீக்கரும் ஆன் ஆகியிருக்கும்போது.

சிப்கள் வந்து சேர்ந்தபின் ஆயுத பூஜை வரும். பொட்டலத்தோடு வை. பொட்டலத்தின் மேல் சந்தனம் வைத்தால் சரஸ்வதி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். யூசுப் பாயையும் கூப்பிட்டிருக்கிறேன். "வாரேனுங்க" என்றார்.

இப்போது படிவம். நம் இரண்டு பேரின் பெயருக்குக் கீழே, ஸ்கேல் வைத்து நானே ஒரு கோடு போட்டு, "சோதித்தவர்" என்று எழுதியிருக்கிறேன். ஃபேக்டரிக்காரர்கள் கேட்டால், இது எங்கள் கம்பெனி வழக்கம் என்று சொல். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மறந்துபோய் விடவில்லை. அந்தத் தேதியை நீயும் எழுத வேண்டாம், நானும் எழுதப் போவதில்லை. படிவத்தைச் சபிராவின் மேசையில் வைத்துவிட்டேன். என் பேனாவும் அதன் மேலேதான் இருக்கிறது.

அம்மா